‘நில்’ என்று வந்த ரிப்போர்ட்டை அப்படியே நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ஆண்களின் குழந்தையின்மை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். கோவையில் கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் கருவியலாளர் பதில் எழுதுகிறார். ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறோம்.

*

எனக்கு 34 வயது. கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். முதல் டெஸ்டில் விந்தணு கவுன்ட் ‘நில்’ (Nil, அதாவது ஒன்றுமே இல்லை) என்று வந்தது. வேறொரு லேபில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது என்றார்கள். மூன்றாவது முறை மறுபடியும் நில். இருப்பதை உடனே ஃப்ரீஸ் செய்யுங்கள் என்கிறார் ஒரு டாக்டர். இவ்வளவு குறைவாக இருந்தால் ஃப்ரீஸ் செய்து என்ன பயன் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது மேடம்?
– வாசகர், நாமக்கல்

மூன்று ரிப்போர்ட்டுமே சரியாக இருக்கலாம் தம்பி. உங்களைப் போன்றவர்களுக்கு அணு ஒரு நாள் தென்படும், அடுத்த முறை தென்படாது. அதைவிட முக்கியம், அவர்கள் எப்படித் தேடினார்கள் என்பது. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ‘நில்’ என்று எழுதுகிற லேப்கள் இன்னும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு அதை ஏற்பதில்லை. தகட்டில் ஒன்றும் தென்படாவிட்டால், மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிகிற வண்டலை முழுதாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக் கிடைக்காவிட்டால்தான் நில். அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. ஆகவே மூன்று லேபிலும் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சுழற்றி வண்டலைப் பார்த்தீர்களா?” பதில் சொல்லத் தயங்கினால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள்.

இடையில் உங்களுக்குக் கடும் காய்ச்சல் வந்ததா என்றும் யோசியுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். பிறகு அது வெளியே வந்து சேரவும் சில நாள் பிடிக்கும். இன்று கொடுக்கிற மாதிரியில் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்தைய உங்கள் உடம்பின் கதை. டெங்கு வந்து படுத்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதம் கவுன்ட் சரிவது சகஜம்.

சரி, ஃப்ரீஸ் செய்வதற்கு வருகிறேன். பயனில்லை என்ற டாக்டர் சும்மா சொல்லவில்லை. உறைய வைத்து மறுபடி இளக்கும்போது, நீந்திக்கொண்டிருந்த அணுக்களில் ஏறத்தாழ பாதி அசைவை இழந்துவிடும். கோடிக்கணக்கில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்குக் கிடைத்ததே எட்டோ பத்தோ என்றால், இழப்பு கொல்லும். இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான சின்னக் குப்பியில் இந்தப் பத்து அணுவைப் போட்டு உறைய வைத்தால், இளக்கியபின் அதைத் தேடிப் பிடிப்பதே பாடு. சுவரில் ஒட்டிக்கொள்ளும், கழுவும்போது நழுவும். பழைய முறையில் செய்தால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

ஆனால் அந்த முறையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1992-ல் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவக் குழு இக்ஸி முறையில் குழந்தைகள் உண்டானதை அறிவித்தது. ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்தும் முறை அது. அதற்கு முன்னால் உங்கள் நிலையில் இருந்தவருக்கு வேறொருவரின் தான அணு அல்லது தத்து, இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் வழி. இக்ஸி வந்தபின் கணக்கே மாறிப்போனது. பத்து முட்டைக்குப் பத்து அணு போதும். அப்புறம் அந்தப் பத்தை எப்படித் தொலைக்காமல் சேமிப்பது என்று ஆய்வகத்தார் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1997-ல் ஒரு குழு, உள்ளிருப்பதை எடுத்துவிட்ட முட்டையின் வெறும் ஓட்டுக்குள் சில அணுக்களை வைத்து உறைய வைத்துக் காட்டியது. இன்று நாங்கள் செய்வது அதைவிட எளிது. ஊசியால் அணுக்களை ஒன்றொன்றாகப் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளியில் வைத்து, திரவ நைட்ரஜனில் இறக்குகிறோம். வைத்த இடம் தெரியும், எண்ணிக்கை தெரியும். இளக்கியபின் அங்கேயே தேடினால் போதும்.

இந்தத் தேடலுக்குப் பொறுமை வேண்டும். வண்டலைக் குட்டிக் குட்டித் துளிகளாகப் பிரித்து, எண்ணெய்க்கு அடியில் பரப்பி, துளி துளியாக நுண்ணோக்கியில் பார்ப்பேன். பல மணி நேரம் ஆகும். ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடலாம் என்று தோன்றுகிற நேரத்தில் ஓரத்தில் ஒரு வால் துடிக்கும். அதனால்தான் அரை மணியில் ‘நில்’ எழுதித் தருபவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்த மூன்றெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் வீடு திரும்புகிறது இல்லையா?

உங்களுக்கு நான் சொல்வது இது. தனித்தனி அணுவாகச் சேமிக்கத் தெரிந்த ஆய்வகத்தைத் தேடுங்கள். சில நாள் இடைவெளி விட்டுப் பல தடவை மாதிரி கொடுத்து, அணு கிடைக்கிற நாளிலெல்லாம் சேமியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டையில் வைக்கவிடாதீர்கள். ஒரு தடவை இளக்கினால் மொத்தமும் வெளியே வந்துவிடும். உங்கள் மனைவிக்கு முட்டை எடுக்கிற நாளில் முதலில் அன்றைய புது மாதிரியைத் தேடுவார்கள். அதில் கிடைத்துவிட்டால் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் அன்று கை கொடுப்பது இந்தப் பட்டைகள்தான்.

மாதிரி கொடுக்கும்போது முதலில் வருகிற பகுதி கீழே சிந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள், அணு அதிகம் இருப்பது அதில்தான். எண்ணெய், எச்சில், கடையில் வாங்கிய ஆணுறை எதுவும் கூடாது. குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கவுன்ட் 50 லட்சத்துக்குக் கீழே போனாலே நாங்கள் அதைக் கேட்போம்.

பண்ணைக்காரர் என்பதால் ஒரு செய்தி. விந்தணுவை உறைய வைத்து உயிரோடு மீட்க முடியும் என்று முதலில் தெளிவாகத் தெரிந்தது சேவலின் விந்தணுவில்தான். 1949-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு அது.

*

என் கணவருக்கு அணுவே இல்லை. விதைகள் சிறிதாக இருக்கின்றன, எஃப்.எஸ்.ஹெச். (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) அளவு அதிகம். மைக்ரோ டீசி என்ற ஆபரேஷன் செய்து உள்ளேயிருந்து எடுக்கலாம் என்கிறார்கள். அதை எனக்கு முட்டை எடுக்கும் நாளிலேயே செய்வதா, முன்பே செய்து ஃப்ரீஸ் பண்ணிவிடுவதா? முட்டை வளர எனக்குப் போடும் ஊசிச் செலவை இரண்டு தடவை தாங்க எங்களால் முடியாது.
– வாசகி, திருப்பூர்

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு பரிசோதனை முடிந்ததா என்று பாருங்கள் அம்மா. மேலே நாமக்கல் வாசகருக்குச் சொன்ன அதே இரண்டு. ஒய் குரோமோசோமில் ‘ஏ’ பகுதியோ ‘பி’ பகுதியோ முழுதாக விடுபட்டிருந்தால், எவ்வளவு தேடினாலும் அணு கிடைக்காது என்பதுதான் இதுவரையிலான அனுபவம். அவருக்குக் கத்தி வைப்பதே வீண். ‘சி’ பகுதி மட்டும் இல்லையென்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஆண் குழந்தை பிறந்தால் அதே குறை அவனுக்கும் போகும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சிறிய விதை, அதிக எஃப்.எஸ்.ஹெச். என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கிளைன்ஃபெல்டர் என்ற நிலையாகவும் இருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது அது. ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அவர்களில் கணிசமானவர்களுக்கும் மைக்ரோ டீசியில் அணு கிடைக்கிறது.

நியூயார்க்கில் 1999-ல் விவரிக்கப்பட்ட முறை இது. விதையைத் திறந்து, அறுவை நுண்ணோக்கியின் கீழ் சற்றுப் பருத்து வெளுத்துத் தெரிகிற குழாய்களை மட்டும் எடுப்பார் டாக்டர். அந்தத் துணுக்குகள் பக்கத்து அறைக்கு எங்களிடம் வரும். நாங்கள் அவற்றை நுணுக்கிப் பிரித்துத் தேடுவோம். ‘இருக்கிறது’ என்று நாங்கள் குரல் கொடுக்கும்வரை அவர் மேற்கொண்டு எடுத்துக்கொண்டிருப்பார். பொதுவாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காரணத்தைப் பொறுத்துக் கூடும், குறையும்.

எப்போது செய்வது என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அன்றே செய்ய வேண்டும் என்பவர்கள், விதையிலிருந்து எடுத்த அணு ஏற்கெனவே பலவீனமானது, அதை உறைய வைத்தால் சிலருக்கு இளக்கியபின் ஒன்றுமே அசையாமல் போகிறது என்கிறார்கள். அது உண்மைதான். முன்பே செய்யலாம் என்பவர்கள், இளக்கியபின் உயிருள்ள அணு கிடைத்துவிட்டால் கருவுறுதலில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபின் என் கருத்து தெளிவாகவே இருக்கிறது: ஆபரேஷனை முன்பே செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் நீங்கள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து முட்டை எடுத்தபின், பக்கத்துத் தியேட்டரிலிருந்து ‘கிடைக்கவில்லை’ என்று செய்தி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் தான அணு வேண்டுமா, முட்டையை உறைய வைப்பதா என்று மயக்கம் தெளியாத ஒரு பெண்ணிடம் கேட்பது கொடுமை. முன்பே செய்தால், கிடைத்தால் பட்டை பட்டையாகச் சேமித்துவிட்டு நிதானமாக உங்கள் ஊசியைத் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் ஊசிச் செலவாவது மிஞ்சும், யோசிக்க நேரமும் இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மையம் ஓரிரு அணுவையும் தனியாகச் சேமிக்கத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே செய்வதுதான் மேல். அப்படிச் செய்தால், அணு கிடைக்காவிட்டால் முட்டையை உறைய வைக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இளக்கிய அணு அசையவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தால் சிலது துடிக்கத் தொடங்கும். தூண்டிவிட மருந்தும் இருக்கிறது. வால் சுருள்கிறதா என்று உப்பு குறைந்த நீர்மத்தில் போட்டுப் பார்த்தும் உயிருள்ளதைப் பிரிப்போம். ஆகவே முதல் ஐந்து நிமிடத்தில் வருகிற செய்தியைக் கேட்டு மனம் உடையாதீர்கள்.

இதே ஆபரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவு சில மாதம் இறங்கும், கிளைன்ஃபெல்டர் என்றால் திரும்ப ஏறாமலும் போகலாம். முதல் தடவையிலேயே கிடைத்ததையெல்லாம் சேமித்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

*

என் தம்பிக்கு 23 வயது. லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. விந்தணுவைச் சேமிக்கலாம் என்று எங்கோ படித்தேன். வீட்டில் “கல்யாணமே ஆகாத பையன், இப்போது உயிர்தான் முக்கியம்” என்கிறார்கள். நான் கேட்டது தப்பா?
– வாசகி, திருநெல்வேலி

தப்பே இல்லை. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கீமோ தொடங்கியிருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கீமோவுக்கு முன்னால் என்பதுதான் இதில் எல்லாமே. சில மருந்துகள் விந்தணு உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தும், சில மருந்துகள் நிரந்தரமாக நிறுத்தும். எது யாருக்கு என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. சேமிப்பதற்கோ ஒரு நாள் போதும். முடிந்தால் இரண்டு மூன்று நாளில் இரண்டு மூன்று மாதிரி. புற்றுநோய் டாக்டரிடம் “கீமோவுக்கு முன்னால் விந்தணு சேமிக்க வேண்டும், எத்தனை நாள் தருவீர்கள்?” என்று நேரடியாகக் கேளுங்கள். அவசரத்தில் அவர் மறந்திருக்கலாம்.

நோயாலேயே கவுன்ட் குறைந்திருக்கும். ‘இவ்வளவு மோசமாக இருக்கிறதே’ என்று மாதிரியைக் கொட்டிவிட வேண்டாம். இக்ஸிக்கு அது போதும். மாதிரியில் ஒன்றுமே இல்லாவிட்டால் கீமோவுக்கு முன்பே விதையிலிருந்து எடுத்துச் சேமிக்கலாம், விதைப் புற்றுநோயில் கட்டியை அகற்றும் ஆபரேஷனின்போதே இதைச் செய்வதுண்டு. மன உளைச்சலில் மாதிரி கொடுக்க முடியாதவருக்கும் மருத்துவ வழிகள் இருக்கின்றன. கீமோ தொடங்கிவிட்டால் அந்தச் சமயத்து அணுக்களில் மரபணுச் சேதம் இருக்கும் என்பதால் எடுக்கமாட்டார்கள். முடிந்தபிறகும் ஓரிரு ஆண்டு குழந்தைக்கு முயலாமல் இருக்கச் சொல்வார்கள்.

உங்கள் வீட்டாரிடம் சொல்ல ஒரு உண்மைச் சம்பவம். இங்கிலாந்தில் விதைப் புற்றுநோய் வந்த 17 வயதுப் பையன் ஒருவன் சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைத்தான். 21 ஆண்டு கழித்து, அதே அணுவைக் கொண்டு அவனுக்குக் குழந்தை பிறந்தது. மான்செஸ்டர் மருத்துவர்கள் 2004-ல் இதை வெளியிட்டார்கள். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் அணு மூப்படைவதில்லை.

ஒன்று மட்டும். இதைத் தம்பியிடம் அப்பா அம்மா முன்னால் கேட்காதீர்கள். டாக்டரோ நர்ஸோ அவரிடம் தனியாகப் பேசட்டும். பெற்றோர் எதிரில் கேட்டபோது “வேண்டாம்” என்று தலையாட்டிய பையன்கள், வெளியே வந்து என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வயது ஆணின் முடிவு அது. உயிர் பிழைப்பார் என்று நம்பித்தானே கீமோ கொடுக்கிறோம்? பிழைத்தபின் அவர் வாழப்போகிற வாழ்க்கையையும் இப்போதே நினைத்துப் பார்த்த ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான்.

*

ஜிம்மில் ஒரு வருடமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். இப்போது கவுன்ட் நில். உடனே ஏதாவது எடுத்து ஃப்ரீஸ் செய்ய வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

உங்களுக்கு இப்போது ஃப்ரீஸர் தேவையில்லை. ஊசியை நிறுத்த வேண்டும், ஆண்மையியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் போனால், உற்பத்தி செய்யச் சொல்லும் கட்டளையை மூளை நிறுத்திவிடும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் திரும்பிவிடும். தூண்டுவதற்கு மருந்தும் உண்டு. கவுன்ட் குறைவு என்று ‘சக்திக்கு’ டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். அது இருப்பதையும் அழிக்கும்.

*

சேமித்த மாதிரி மாறிப்போகாதா? எங்களுடையதுதான் என்று எப்படித் தெரியும்? எத்தனை வருடம் வைக்கலாம்? இப்படிப் பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

கடைசிக் கேள்விக்கு முதலில். உறைய வைத்த காரணத்தால் குழந்தைக்குக் கூடுதல் குறை வருவதாக இதுவரை தெரியவில்லை. 1953-லேயே அமெரிக்காவின் அயோவாவில், உறைய வைத்த விந்தணுவால் கர்ப்பம் உண்டானதை அறிவித்துவிட்டார்கள். அவ்வளவு பழைய தொழில்நுட்பம் இது. தகப்பனின் மரபணுவில் ஏற்கெனவே இருக்கும் குறை வேறு விஷயம். அதற்குத்தான் முன்பே பரிசோதனை.

மாறிப்போவது பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம், தயங்காமல் மையத்தில் கேளுங்கள். நல்ல ஆய்வகத்தில் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். குப்பியிலும் பட்டையிலும் உங்கள் இருவர் பெயரும், பதிவு எண்ணும், தேதியும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு தம்பதியின் மாதிரி மட்டுமே மேசையில் இருக்கும். கேனில் நைட்ரஜன் அளவை யார் பார்க்கிறார்கள், குறைந்தால் அலாரம் அடிக்குமா, ராத்திரியில் அடித்தால் யார் வருவார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் உங்கள் மாதிரியை வைக்காதீர்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை கேட்டால் கோபப்பட வேண்டாம். தொற்றுள்ளவரின் மாதிரியைத் தனிக் கேனில் வைப்பதற்காகத்தான் கேட்கிறோம்.

காலத்தைப் பொறுத்தவரை, அறிவியல் கணக்கில் வரம்பு இல்லை. 2021-ல் வந்த நம் நாட்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், தான அணுக்களுக்கும் கருவுக்கும் பத்தாண்டு என்று வைத்திருக்கிறது. உங்கள் சொந்தச் சேமிப்புக்கு மையத்தின் படிவத்தில் எத்தனை ஆண்டு, வருடக் கட்டணம் எவ்வளவு என்று படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சிகிச்சைக்கு மனைவிக்கு 50, கணவருக்கு 55 என்று வயது வரம்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ‘பிறகு பார்க்கலாம்’ என்று வெகுகாலம் தள்ளாதீர்கள்.

சேமித்தவர் இறந்துவிட்டால், நினைவு தவறிவிட்டால் அந்த அணுவை என்ன செய்வது என்று எழுத்தில் கேட்காமல் எந்த மையமும் சேமிக்கக் கூடாது என்பதும் சட்டம். பலர் அந்தக் கட்டத்தை அபசகுனம் என்று காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது நர்ஸ் சொல்கிற இடத்தில் ‘டிக்’ போட்டுவிடுகிறார்கள். இருவரும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பேசி நிரப்புங்கள். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் எண்ணோ முகவரியோ மாறினால் மறக்காமல் மையத்துக்குச் சொல்லுங்கள். கட்டணம் பாக்கி என்று நாங்கள் கூப்பிடும்போது, பாதிப் பேரின் எண் வேலை செய்வதில்லை.